பழைய பாய்ப்படகின் ரோலர் ஃபர்லரிலிருந்து ஜிப் பாயைக் கழற்றுவது எப்படி

படகின் முன்பக்கப் பாயான ஜிப்பை, அதைச் சுருட்டும் கருவியான ரோலர் ஃபர்லரில் சுருட்டிக் கட்டிவிட்டு, வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சுருட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று தோன்றும். பழைய படகு வைத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: குளிர்காலம் வருமுன் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாயைக் கழற்றுங்கள். நவம்பர்க் காற்றில் சுருட்டிய பாயின் ஒரு நுனி கிளம்பினால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அடித்து, விடிவதற்குள் பாயும் கிழிந்து பாய்மரமும் ஆட்டம் கண்டுவிடும். அது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி, ஃபர்லரின் அலுமினிய உறைக்குள் மறைந்து கிடக்கிறது. அந்தக் கம்பியின் அடிப்பகுதியையும் மேலே சுழலும் மூட்டான சுவிவலையும் உறையின் திருகாணிகளையும் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது பாய் கீழே வருகிற நாளில்தான்.

என்னுடையது 70களின் கடைசியில் நயாகரா-ஆன்-த-லேக்கில் கட்டப்பட்ட சி அண்ட் சி 27 என்ற பாய்ப்படகு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில், பிளஃபர்ஸ் பார்க் மரீனாவில் நிற்கிறது. ஃபர்லர் படகோடு வந்ததல்ல, பிறகு யாரோ பூட்டியது. முன்கம்பியைச் சுற்றிச் சுழன்று பாயைச் சுருட்டும் ஒரு நீள அலுமினிய உறை, அதற்கு ஃபாயில் என்று பெயர். அதில் பாயின் முன்விளிம்பு நுழையும் இரண்டு காடிகள். கீழே கயிறு சுற்றும் டிரம். மேலே, பாயின் தலைமுனையைப் பிடித்துக்கொண்டு ஃபாயில் வழியே ஏறி இறங்கும் ஹலியாட் சுவிவல். பாயை மேலே ஏற்றி இறக்கும் கயிறுதான் ஹலியாட். ஹார்க்கன், ப்ரோஃபர்ல், ஃபர்லெக்ஸ் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அடிப்படை அமைப்பு இதுதான். ஆகவே கீழே எழுதியிருப்பது உங்கள் படகுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பொருந்தாத இரண்டு வகைகளை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சில சிறிய படகுகளில் சிடிஐ வகை ஃபர்லர் இருக்கும். ஃபாயில் வளையக்கூடிய பிளாஸ்டிக், ஹலியாட் அதற்குள்ளேயே ஓடும், பாய்மரத்தில் தேடினால் கிடைக்காது. அதில் பாயை இறக்குமுன் ஹலியாட்டின் கீழ் நுனியில் ஒரு நீளமான துணைக்கயிற்றைக் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தால் நுனி உள்ளே போய்விடும், பிறகு வசந்த காலத்தில் பாயை ஏற்றக் கயிறு இருக்காது. இன்னொரு வகை இன்னும் பழையது. ஃபாயிலே கிடையாது, பாயின் முன்விளிம்புக்குள் ஒரு கம்பி தைக்கப்பட்டிருக்கும், அந்தக் கம்பியே சுழலும். அதற்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். பாயைச் சுருட்டியபடியே ஹலியாட்டைத் தளர்த்தி, ஒரு நீளச் சுருளாக டெக்கில் இறக்கிவிடலாம்.

உங்களுடையது எது என்று தெரிய, டிரம்முக்கு ஓரடி மேலே பாருங்கள். பாய் காடிக்குள் நுழைகிற ஒரு வாய் தெரிந்தால், ஃபாயில் உள்ளது. பாய்மரத்தின் உச்சியில் பாயின் தலைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கயிறோ கம்பியோ போய்க்கொண்டிருந்தால், ஹலியாட் வெளியில் ஓடுகிறது. தொடர்ந்து படியுங்கள்.

காற்று இல்லாத காலை

இந்த வேலையில் முக்கால் பங்கு, நாளைத் தேர்ந்தெடுப்பதுதான். சுருட்டிய பாயை நேரே இறக்க முடியாது. முதலில் முழுவதும் விரிக்க வேண்டும். 27 அடிப் படகின் 150 சதவீத ஜெனோவா (பாய்மரத்தையும் தாண்டிப் பின்னே நீளும் பெரிய ஜிப்) விரிந்து நிற்கும்போது மரீனாவில் கட்டிய படகு என்பதை அது அறியாது, ஓடப் பார்க்கும். காற்று 5 நொட்டுக்குள், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டருக்குள் இருக்கும்போது இறக்குவது சுகம். 8 நொட்டைத் தாண்டினால் நான் தொடவே மாட்டேன். என்வைரன்மென்ட் கனடா மேற்கு ஒன்ராறியோ ஏரிக்குத் தனியாகக் கடல்சார் வானிலை அறிவிப்புத் தருகிறது, விஎச்எஃப் வானொலியிலும் கேட்கலாம். அதில் காற்று நொட்டிலேயே சொல்லப்படும். முதல் நாள் இரவும் விடியலிலும் இரண்டு தரம் கேளுங்கள்.

ரொறன்ரோவில் ஒக்டோபர் மாதம் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பெரும்பாலும் ஏரி அசையாமல் கிடக்கும். பிளஃபர்ஸ் பார்க்கில் எங்களுக்கு இன்னொரு வசதி: வடக்கே தொண்ணூறு மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் குன்றுகள் வடகாற்றை மறைத்துவிடும். தென்மேற்குக் காற்றுக்கு எந்த மறைப்பும் இல்லை. அதிகாலையில் பாய் பனித்துளியில் நனைந்திருக்குமே என்று சிலர் பத்து மணி வரை பொறுத்திருப்பார்கள். நான் பொறுக்கச் சொல்ல மாட்டேன். ஈரப் பாயைப் பிறகு காயவைக்கலாம். வீசத் தொடங்கிய காற்றை நிறுத்த முடியாது.

படகின் முன்முனை காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். காற்று பின்னாலிருந்து வந்தால், விரித்த பாய் முன்முனைக்கு வெளியே தண்ணீர்மேல் பறக்கும், எட்டிப் பிடிக்கப் போகிற ஆள் ஏரிக்குள் விழுவார். ஒக்டோபர் தண்ணீர் விளையாட்டுக்கு உரியதல்ல. தரிப்பிடத்தில் படகு தவறான பக்கம் பார்த்து நின்றால், கயிறுகளை மாற்றிப் படகைத் திருப்பிக் கட்டுங்கள். மிதவையில் கட்டும் படகென்றால் இந்தத் தொல்லையே இல்லை, அது தானாகவே காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும்.

தொடங்குமுன்

இரண்டு பேர் போதும், மூன்று பேர் என்றால் சொகுசு. என்னோடு வருவது என் அக்காவின் மகன். அவன் பாய்மரத்தடியில் ஹலியாட்டைப் பிடிப்பான், நான் முன்முனையில் நிற்பேன். மூன்று சொற்கள் மட்டும் பேசிக்கொள்வது என்று வைத்திருக்கிறோம்: விடு, நில், ஏற்று. காற்றில் பாய் படபடக்கும்போது நீள வசனம் காதில் விழாது. "மாமா, இன்னும் கொஞ்சம் விடவா?" என்று அவன் கேட்பது எனக்குக் கேட்கவே கேட்காது. முன்முனையில் நிற்பவர் சொல்வதுதான் சட்டம். அவர் கண்ணுக்குத்தான் காடியின் வாய் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பாயின் முனைகளைப் பூட்டும் ஷக்கிள் வளையங்களைக் கழற்ற ஒரு குறடு, பாயைக் கட்ட ஆறேழு துண்டு நாடாக் கயிறு, தடித்த கையுறை, உச்சியைப் பார்க்கத் தூரப்பார்வைக் கண்ணாடி (பைனாகுலர்), ஒரு சுருள் ஒட்டுநாடா. கையுறையை அலட்சியப்படுத்த வேண்டாம். எங்கள் வயதுப் படகுகளில் ஹலியாட்டின் ஒரு பாதி கம்பி, மறுபாதி கயிறாக இருக்கும். பழைய கம்பியில் ஓரிரு இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளங்கையைக் கிழித்துவிடும். ஹலியாட்டை முழுக் கயிறாக மாற்றியிருந்தால் அந்தப் பயம் இல்லை.

இப்போது ஹலியாட்டின் கட்டிய முனையைப் பாருங்கள். பாய் இறங்க இறங்க இந்தக் கயிறு மரத்துக்குள் ஏறிப் போகும். நுனியில் ஒரு எட்டு முடிச்சுப் போட்டு, படகில் எங்காவது கட்டியும் விடுங்கள். மரத்தின் உள்ளே ஓடும் ஹலியாட்டின் நுனி கைதவறி உள்ளே போனால், அதை மீண்டும் கோக்க அரை நாள் போய்விடும்.

பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கம்பிக்கு இறுக்கும் வசதி இருந்தால் சற்று இறுக்குங்கள். முன்கம்பி தொய்ந்திருந்தால் ஃபாயில் வளையும். வளைந்த காடியில் பாய் உரசி உரசித்தான் இறங்கும். முன்கம்பி நேராக நின்றால் பாதி உராய்வு குறைந்துவிடும். இறுக்குவது என்றால் சாதாரணமாகப் பயணத்தில் இறுக்கும் அளவுதான், அதற்கு மேல் வேண்டாம்.

விரிப்பது

பாய்க்குமேல் ஷீட் கயிறுகள் (பாயின் பின்முனையை இழுத்துப் பிடிப்பவை) இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும், அவை தானாக அவிழும். சுருட்டுக் கயிற்றை மட்டும் முழுக்கக் கைவிட்டுவிடாதீர்கள். பாய் விரிய விரிய அந்தக் கயிறு டிரம்மில் சுற்றிக்கொண்டு போகும். ஒருவர் அதை மெல்லிய இழுவையோடு விட்டுக்கொடுக்க வேண்டும். தளர்வாக விட்டால் டிரம்முக்குள் சுற்றின் மேல் சுற்றேறிச் சிக்கும், பிறகு அவசரமாகப் பாயைச் சுருட்ட வேண்டி வந்தால் சுருட்ட முடியாது. காற்று திடீரென எழுந்தால் பாயைச் சுருட்டித் தப்பிக்கும் வழி நம்மிடம் கடைசிவரை இருக்க வேண்டும்.

முழுவதும் விரிந்ததும் சுருட்டுக் கயிற்றைக் கயிறு கட்டும் கொளுவியான கிளீட்டில் கட்டிவிடுங்கள். ஷீட்டுகளைத் தளர்த்துங்கள், ஆனால் அவிழ்க்க வேண்டாம். பாயின் பின்முனை படபடக்கும்போது அதைக் கட்டுப்படுத்த நமக்கிருக்கும் ஒரே பிடி அந்த ஷீட்தான். பின்முனையில் போலைன் முடிச்சு இருந்தாலே முகத்தில் பட்டால் நன்றாக வலிக்கும், இரும்பு ஷக்கிள் இருந்தால் பல்லே போய்விடும். மூன்றாவது ஆள் இருந்தால், அவர் வேலை ஷீட்டைப் பிடித்துப் பின்முனையை டெக்குக்கு மேலேயே வைத்திருப்பது.

விரித்த பாயை அண்ணாந்து ஒருமுறை வடிவாகப் பாருங்கள். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் படாமலிருக்கத் தைத்திருக்கும் சன்பிரெல்லா பட்டி எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுங்கள். சுருட்டும்போது அந்தப் பட்டி வெளியே வர வேண்டும். டிரம்மில் கயிறு எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதை வசந்த காலத்தில் அந்தப் படம் சொல்லும்.

இறக்குவது

ஹலியாட்டை வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) ஒரு சுற்று மட்டும் விட்டுவிட்டு மற்றச் சுற்றுகளை எடுத்துவிடுங்கள். "விடு" என்றதும் ஓரடி தளர்த்துங்கள். முன்முனையில் நிற்பவர் பாயின் முன்விளிம்பை ஃபாயிலோடு ஒட்டினாற்போல் இரண்டு கையாலும் பிடித்து, நேர் கீழே இழுக்க வேண்டும். தன்னை நோக்கியோ பின்பக்கமோ இழுத்தால் முன்விளிம்பில் தைத்திருக்கும் லஃப் நாடா காடியின் உதட்டில் கடிபட்டு நின்றுவிடும். பாய் இறங்க மறுக்கிறது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, இழுக்கிற திசை பிழை என்பதுதான்.

முதல் ஓரடிதான் கனம். வருடம் முழுக்க ஒரே இடத்தில் இறுகி நின்ற நாடாவும் சுவிவலும் அசைய வேண்டுமே. அசைந்துவிட்டால் பிறகு கைக்கு அடக்கமாக வந்துகொண்டிருக்கும். ஓரடி, ஓரடியாக. ஹலியாட் பிடிப்பவர் ஒருபோதும் முழுக்க விட்டுவிடக் கூடாது. விட்டால் பாயின் மேல்பாதி ஒரே மூச்சில் சரிந்து தண்ணீருக்குள் போகும். நனைந்த ஜெனோவாவை ஏரியிலிருந்து இழுத்தெடுப்பது மூன்று பேர் வேலை.

காடியின் வாயிலிருந்து வெளியே வருகிற பாயை, கம்பி வேலிக்கு உள்ளே, ஒரு பக்க டெக்கில் மடித்து மடித்துப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு ஐந்தடிக்கும் ஒரு நாடாக் கயிற்றால் வேலியோடு சேர்த்துக் கட்டுங்கள். அந்தக் குவியல்மேல் கால் வைக்காதீர்கள். டேக்ரான் துணி கண்ணாடிபோல் வழுக்கும்.

தனியாளாகச் செய்ய வேண்டியவர்களுக்கும் வழி உண்டு. ஹலியாட்டை வின்ச்சில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் வாலை முன்முனை வரை கொண்டுவாருங்கள். ஒரு கையால் வாலை விட்டுக்கொடுத்து, மறுகையால் முன்விளிம்பை இழுக்கலாம். இது காற்றே இல்லாத காலைக்கு மட்டும்.

வராவிட்டால்

பழைய ஃபர்லரில் எங்காவது ஒரு இடத்தில் நிற்கத்தான் செய்யும். அப்போது கைக்கு வருகிற முதல் யோசனை, கீழே ஒரு கயிறு கட்டி வின்ச் போட்டு இழுப்பது. அதை மட்டும் செய்யவே வேண்டாம். வின்ச்சின் பலத்துக்கு நாடா கிழியும், ஃபாயிலின் இணைப்பு விலகும், சுவிவலின் பேரிங் உடையும். இவற்றில் பலவற்றுக்கு மாற்று உதிரிப்பாகமே இன்று கிடைக்காது. கையால் வராதது ஏதோ காரணத்தால்தான் வரவில்லை. காரணத்தைத் தேடுங்கள்.

முதலில் பாயைப் பாருங்கள். காற்று பிடித்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? அப்படியானால் நாடா காடியின் ஒரு பக்கச் சுவரில் அழுத்திக்கொண்டிருக்கும். ஷீட்டை இன்னும் தளர்த்துங்கள். காடி பாய் இருக்கும் திசையைப் பார்க்கும்படி ஃபாயிலைக் கையால் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் "ஏற்று". அரை அடி மேலே ஏற்றிவிட்டு மீண்டும் இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில் நின்றால், அங்கே ஃபாயிலின் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு இருக்கிறது. இணைப்பைப் பிடித்திருக்கும் சிறு திருகாணி ஒன்று பின்வாங்கி வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கலாம், சுவிவல் அதில் முட்டும். தூரப்பார்வைக் கண்ணாடியால் பார்த்தால் தெரியும். மெல்ல ஏற்றி இறக்கி, ஃபாயிலைச் சற்றுச் சுழற்றினால் அநேகமாகத் தாண்டிவிடும். தாண்டாவிட்டால் ஆணியை முடுக்க ஆள் மேலே போக வேண்டியதுதான்.

பாய் கொஞ்சமும் அசையாமல் உச்சியிலேயே நின்றால், ஹலியாட் ஃபாயிலின் தலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுவிவல் மட்டும் நிற்க, ஃபாயிலும் பாயும் சுழல வேண்டும், அதுதான் முறை. ஹலியாட் முன்கம்பிக்கு மிக அருகே, இணையாக வந்தால் அதுவும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். ஹலியாட்டுக்கும் முன்கம்பிக்கும் இடையில் 7 முதல் 10 பாகை விலகல் இருக்க வேண்டும். அந்த விலகல் இல்லாத படகுகளில் பாய்மரத்தின் முகப்பில் ஹலியாட்டைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஒரு வளையம் பூட்டுவார்கள். சுற்றியிருந்தால் ஹலியாட்டை நன்றாகத் தளர்த்தி, பாயைச் சுருட்டும் திசைக்கு எதிர்த்திசையிலும் அதே திசையிலும் மாறி மாறிச் சற்றுச் சுழற்றிப் பாருங்கள். அவிழும்போது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல், சுவிவல் ஃபாயிலின் மேல்நுனியைத் தாண்டி ஏறிக்கொண்டு திரும்ப வராமல் நிற்பது. கீழிருந்து இதற்கு மருந்து இல்லை. மேலே போக வேண்டும். மேலே போகிறவர் பெரிய பாயின் ஹலியாட்டில் போகட்டும், இரண்டாவது ஒரு ஹலியாட் காப்புக்கு இருக்கட்டும். சிக்கியிருக்கும் அதே ஜிப் ஹலியாட்டை நம்பி ஆளை ஏற்றக் கூடாது. ஏறத் தெரியாதவர்கள் யாரையும் ஏறச் சொல்லவும் வேண்டாம். எங்கள் பக்கம் பல மரீனாக்களில் ஒக்டோபரில் கிரேன் வைத்துப் பாய்மரத்தையே இறக்குவார்கள். உங்கள் மரமும் இறங்கப் போகிறதென்றால், பாயை மறுபடி இறுக்கச் சுருட்டி, ஷீட்டால் சுற்றிக் கட்டிவிட்டு, கிரேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மரம் முக்காலிமேல் படுத்த பிறகு உச்சி உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும், நிதானமாகக் கழற்றலாம். பாயோடு சேர்த்து இறக்குவதற்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதால்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன்.

காடியில் அழுக்குத்தான் காரணம் என்றால் தண்ணீர்க் குழாயால் கீழிருந்து மேலாக அடித்துக் கழுவுங்கள். கடல்நீரில் ஓடும் படகுகளில் உப்புப் படிந்திருக்கும், எங்கள் ஏரியில் மகரந்தத் தூளும் சிலந்தி எச்சமும். எண்ணெய் பூச வேண்டாம், எண்ணெயில் தூசி ஒட்டி அடுத்த வருடம் இன்னும் மோசமாகும். மெக்லூப் போன்ற உலர்ந்த வழுக்குத் தெளிப்பு பாய்க் கடைகளில் கிடைக்கும், நாடாவில் மெல்லிதாக அடித்தால் போதும்.

கழற்றிய பிறகு

சுவிவல் கீழே வந்ததும் பாயின் தலைமுனை ஷக்கிளைக் கழற்றுங்கள். இங்கே ஒரு கணம் நில்லுங்கள். இப்போது சுவிவலின் மறுபக்கம் ஹலியாட் இருக்கிறது, கீழ்ப்பக்கம் ஒன்றும் இல்லை. யாராவது தெரியாமல் ஹலியாட்டை இழுத்தால் சுவிவல் தனியே உச்சிக்கு ஏறிவிடும். அதைக் கீழே கொண்டுவரப் பாயும் இல்லை, கயிறும் இல்லை. ஆகவே தலைமுனையைக் கழற்றிய அதே நிமிடத்தில் சுவிவலை டிரம்மின் மேல் வளையத்தோடு ஒரு சிறு கயிற்றால் கட்டிவிடுங்கள். ஹலியாட்டை மெல்ல இறுக்கிவிட்டால் மரத்தில் தட்டிச் சத்தம் போடாது.

அடுத்தது கீழ்முனை. ஷக்கிளின் ஊசி இறுகியிருந்தால் குறட்டால் திருப்புங்கள். கழன்றதும் ஊசியை அதே ஷக்கிளில் திரும்பப் பூட்டி, ஷக்கிளை டிரம்மிலேயே விடுங்கள், அல்லது பாய்ப் பையில் கட்டுங்கள். டெக்கிலிருந்து உருண்டு தண்ணீருக்குள் போவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும் அந்த ஊசி. கடைசியாக ஷீட்டுகளை அவிழ்த்துச் சுருட்டி எடுங்கள்.

டிரம்மில் இருக்கும் கயிற்றை அப்படியே விட்டால் வசதி. பாய் விரிந்த நிலையில்தான் கழற்றினோம், விரிந்த நிலையில்தான் மறுபடி ஏற்றுவோம், கயிற்றின் சுற்றுகள் இரண்டுக்கும் ஒன்றே. துவைக்கவோ மாற்றவோ கயிற்றை எடுத்தே ஆக வேண்டுமென்றால், எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக என்று எண்ணி, ஒட்டுநாடாவில் எழுதி டிரம்மில் ஒட்டிவிடுங்கள். எப்படியானாலும் டிரம் சுழலாமல் கட்டுங்கள். வெறும் ஃபாயில் குளிர்காலக் காற்றில் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருந்தால் பேரிங் தேயும்.

இப்போது, நான் இந்த வேலையைச் செய்யச் சொல்வதன் முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். டிரம்முக்குக் கீழே, முன்கம்பி படகோடு சேரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி ஒரு உலோகக் குழாய்க்குள் நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் குழாயில் மயிரளவு கீறல், துருவின் கோடு, இலேசான வளைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் அது தண்ணீரில் ஓடக் கூடாத படகு. ஊசிகளைப் பூட்டியிருக்கும் பிளவூசிகள் எல்லாம் இருக்கின்றனவா, கால் விரிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கம்பியின் மேல் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டுங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு மாட்டும். ஃபாயில் உறை கம்பியின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், கீழே தெரிகிற அந்தச் சில அங்குலமும் உச்சியில் தெரிகிற சில அங்குலமும்தான் நமக்குக் கிடைக்கும் சாட்சி. உப்புநீர்ப் படகுகளில் 10 முதல் 15 வருடத்துக்குள் கம்பிகளை மாற்றச் சொல்வார்கள். நன்னீரில் அதைவிட அதிகம் தாங்கும், ஆனால் 70களின் படகில் கம்பி எப்போது மாற்றியது என்றே தெரியாமலிருப்பதுதான் வழக்கம். தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்கம்பி அறுந்தால் பாய்மரம் பின்பக்கம், நாம் உட்கார்ந்திருக்கும் கொக்பிட்மேல் விழும்.

சுவிவலையும் டிரம்மையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் திறந்த பேரிங் வகையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி நல்ல தண்ணீரால் அலசுங்கள். மூடிய பேரிங் வகைக்குள் அழுத்தத் தண்ணீர் அடித்தால் உள்ளேயிருக்கும் கிறீஸ் வெளியேறும், அதை விட்டுவிடுங்கள். ஃபாயிலின் கீழ்ப்பக்கத் திருகாணிகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

பாயை மடிப்பது

புல்தரையில் விரியுங்கள். விரிக்குமுன் புல்லைப் பாருங்கள், பிளஃபர்ஸ் பார்க்கில் கனடா வாத்துகள் விட்டுப்போனவை எங்கும் கிடக்கும். பாயைத் தட்டி உதறினால் சிலந்திகள் ஓடும். கறையிருந்தால் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான சோப்பும் மெத்தென்ற தூரிகையும் போதும். அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தைக் காட்டாதீர்கள், தையல் நூலை அது கிளப்பிவிடும்.

காய்ந்த பிறகு இரண்டு பேர் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் நின்று, அடிவிளிம்புக்கு இணையாக, பையின் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே தலைமுனை வரை போங்கள். கிடைக்கும் நீளப் பட்டையைப் பின்விளிம்புப் பக்கத்திலிருந்து முன்விளிம்பை நோக்கிச் சுருட்டுங்கள். அப்படிச் சுருட்டினால் வசந்த காலத்தில் பையைத் திறந்ததும் முன்விளிம்பு மேலே இருக்கும், நேரே காடியில் கோக்கலாம். மூன்று முனைகளிலும் தலை, கீழ், பின் என்று அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

ஈரத்தோடு பையில் போட்ட பாய் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது. காலையில் காயவில்லையென்றால் வீட்டுக் கராஜில் கயிறு கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிறகு தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் எலிகளுக்கு மடித்த பாயைப்போல் பிடித்த படுக்கை வேறில்லை, ஒரே கூட்டில் ஐந்தாறு மடிப்பைத் துளைத்துவிடும்.

பையில் போடுமுன் தையலை நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள், முக்கியமாகச் சன்பிரெல்லா பட்டியின் ஓரத்தில். துணி நன்றாயிருக்கும்போதே நூல்தான் முதலில் வெயிலில் சாகும். நகத்துக்கே நூல் அறுந்தால் பாயை நேரே பாய் தைப்பவரிடம் கொண்டுபோங்கள். நவம்பரில் கொடுங்கள். அப்போது அவரிடம் மேசையும் நேரமும் இருக்கும், உங்களோடு நின்று ஒவ்வொரு தையலாகப் பார்த்துக் கதைப்பார். ஏப்ரலில் கொண்டுபோனால் ஏரியில் இருக்கும் அத்தனை படகுக்காரரும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.